பொங்கல் நாலு நாளும் வயிறார சாப்பிடணும், சுகரும் ஏறக்கூடாதா? இப்படி பண்ணுங்க

பொங்கல் கிட்ட வந்துட்டா நம்ம பக்கம் எல்லார் வீட்லயும் ஒரே கேள்விதான், சர்க்கரைப் பொங்கல் சாப்பிடலாமா கூடாதா. சாப்பிடுங்க. ஒரு நாள் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல்ல ஒண்ணும் குடி முழுகிடாது. சிக்கல் வேற எடத்துல இருக்கு. போகிக்கு ஒப்பட்டு (போளி), மறுநாள் பொங்கலும் வடையும், மாட்டுப் பொங்கலுக்கு மறுபடி ஒரு பானை, நாலாவது நாள் கரிநாளுக்கு (காணும் பொங்கல்) கறியும் களியும்னு நாலு நாள் விடாம ஓடுது, நடுவுல போற வீட்லல்லாம் வெல்லம் போட்டுப் பொரிச்ச கச்சாயமும் முறுக்கும் தட்டுல வந்து நிக்குது, கூடவே காபி, அதுல ரெண்டு மூணு ஸ்பூன் சர்க்கரை, வேணாம்னா கோச்சுக்கறாங்க. இந்த நாலு நாள எப்படி நல்லா சாப்பிட்டே தாண்டறதுன்னுதான் சொல்லப்போறேன். பட்டினி கெடக்கச் சொல்ல மாட்டேன், பொங்கலும் அதுவுமா ஓட்ஸ் கஞ்சி குடிங்கன்னும் சொல்ல மாட்டேன்.

நான் டாக்டர் இல்லைங்க. வீட்ல மாமனார் மாமியார் ரெண்டு பேருக்கும் சுகர், மாமனாருக்கு பிபியும் இருக்கு, பண்டிகை சமையல் மொத்தமும் என் பொறுப்பு, அதனால படிச்சும் டாக்டர்கிட்ட கேட்டும் செஞ்சு பாத்தும் தெரிஞ்சுக்கிட்டது இது. இருக்கறது தருமபுரி, பொறந்த ஊரு கிருஷ்ணகிரி மாவட்டத்துல காவேரிப்பட்டணம் பக்கம், அதனால ரெண்டு மாவட்டத்து சமையலும் இதுல கலந்துதான் வரும்.

முதல்ல தட்டத் திருப்பிப் போடுங்க

இந்த ஒண்ண மட்டும் புடிச்சுக்கிட்டா மீதி எல்லாம் சும்மா வரும். பொங்கல் சீசன்ல நம்ம ஊர்ல கிடைக்கற காய யோசிச்சுப் பாருங்க, அவரை, மொச்சை, பச்சத் துவரை, கத்தரி, பூசணி, முள்ளங்கி, கீரைன்னு சந்தைல குமிஞ்சு கெடக்குது, தக்காளி பாலக்கோடு ராயக்கோட்டைல இருந்து வந்து எறங்குது. வருஷத்துலயே நல்ல காய் வர்ற மாசம் இதுதான். ஆனா நாம என்ன பண்றோம், இதெல்லாத்தையும் ஒரு குழம்புல போட்டு, அந்தக் குழம்ப ஒரு மலை சோத்து மேல ஊத்தி, காய ஓரமா ஒதுக்கி வச்சிட்டு சோத்த சாப்பிடறோம்.

அதைத் திருப்பணும். காயத்தான் சாப்பிடணும், சோத்தத் தொட்டுக்கணும். ஹைதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல வெளியிட்ட உணவு வழிகாட்டிலயும் தட்டுல ஏறக்குறைய பாதி காய், கீரை, பழமா இருக்கணும்னுதான் போட்டிருக்காங்க. வாழை இலைல சாப்பிடும்போது இது இன்னும் சுலபம், இலையோட மேல் பாதி காய்க்குன்னு நாமளே காலங்காலமா வச்சிருக்கோம், அந்த மேல் பாதிய பேருக்கு ஒவ்வொரு ஸ்பூன் வைக்காம நெசமாவே நிரப்புங்க. பூசணிக்கா கூட்டு ஒரு கப், அவரைக்கா பொரியல் ஒரு கப், பிதுக்கம்பருப்பு (ஊறவச்சு தோல் பிதுக்கின அவரைக்கொட்டைல வைக்கற குழம்பு) ஒரு பெரிய கரண்டி. கீழ்ப் பாதில சோறு ஒரு கப், அவ்ளோதான். ரெண்டாவது தடவை வேணும்னா கூட்டுக்குத்தான் போகணும், சோத்துக்கு இல்ல.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரைவள்ளிக் கிழங்கு, உருளை, சேனை, கருணை இதெல்லாம் காய் கணக்குல சேராதுங்க, சோத்துக் கணக்குல சேரும். பொங்கல் குழம்புல கிழங்கு நாலு துண்டு விழுந்தா அந்த அளவுக்கு சோத்தக் குறைச்சுக்கோங்க. பூசணி பரங்கி ரெண்டும் காய் கணக்குதான், இனிப்பா இருக்குதேன்னு பரங்கியப் பாத்து பயப்பட வேணாம், வெல்லம் போட்டு செய்யாத வரைக்கும்.

பிதுக்கம்பருப்பு, இதுதான் நம்ம ஹீரோ

வெளியூர்ல சொன்னா முழிக்கறாங்க, ஆனா வேலூர்ல ஆரம்பிச்சு கிருஷ்ணகிரி, ஓசூர், அப்படியே பெங்களூர் வரைக்கும் தை மாசம்னா இதுதான். பனி விழற மாசத்து அவரைக்கொட்டைக்கு ஒரு வாசம் உண்டு பாருங்க, கூடைய வீட்டுக்குள்ள வச்சாலே தெரியும். பருப்பு வகைங்கறதால புரதமும் நார்ச்சத்தும் ஒண்ணா கிடைக்குது, வயிறு சீக்கிரம் நிறையுது, பசி மெதுவா வருது. பண்டிகை சாப்பாட்டுல இதவிட நல்ல ஐட்டம் எனக்குத் தெரிஞ்சு இல்ல, நாட்டுக்கோழிய விட இதுக்குத்தான் என் ஓட்டு.

ஆறு பேருக்கு உரிச்ச பச்சக்கொட்டை அரைக்கிலோ எடுத்துக்கோங்க. தண்ணில ராத்திரி ஊறப்போட்டா காலைல ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு அமுக்குனா பருப்பு தோல விட்டு பிதுங்கி வெளிய வந்துடும், வீட்ல இருக்கற எல்லாரையும் டிவி முன்னாடி உக்கார வச்சு இந்த வேலையக் குடுத்துடுங்க, ஒத்த ஆளு செஞ்சா விடிஞ்சிடும். இதுல நான் பண்ற ஒரு மாத்தம் என்னன்னா முக்கால்வாசிய மட்டும் பிதுக்கிட்டு கால்வாசியத் தோலோடவே விட்டுடுவேன். நார்ச்சத்து அதிகம் இருக்கறது தோல்லதான். எங்க பெரிம்மாவுக்கு இது சுத்தமா புடிக்காது, "இதென்னா, அரையும் குறையுமா"ன்னு கேப்பாங்க, ஆனா தட்டுல ஒண்ணும் மிச்சம் வைக்க மாட்டாங்க.

மசாலாவுக்கு ஒரு பெரிய வெங்காயம், ரெண்டு தக்காளி, பூண்டு எட்டு பல்லு, ஒரு துண்டு இஞ்சி, மல்லி ரெண்டு ஸ்பூன், காஞ்ச மிளகாய் ஆறு, பட்டை ஒரு துண்டு, கிராம்பு ரெண்டு வதக்கி அரைக்கணும். வழக்கமா இதுல அரை மூடி தேங்கா போடுவாங்க. நான் ரெண்டு ஸ்பூன் துருவல்தான் போடறேன், குழம்பு கெட்டியாகறதுக்கு வெந்த பருப்புலயே ஒரு கைப்பிடி எடுத்து மசாலாவோட சேத்து அரைச்சுடறேன், யாருக்கும் வித்தியாசமே தெரியல. கடலெண்ணெய் ரெண்டு டேபிள்ஸ்பூன் போதும் மொத்தக் குழம்புக்கும். கடுகு, கறிவேப்பிலை தாளிச்சு, மசாலா ஊத்தி பச்சை வாசம் போனதும் பருப்பப் போட்டு நல்லா மெத்துனு வேகற வரைக்கும் விடுங்க. மொச்சை அவரைக் கொட்டைய அரைவேக்காட்டுல சாப்பிடக்கூடாதுங்க, வயித்த ஒரு வழி பண்ணிடும். வாயுத் தொந்தரவு உள்ளவங்க ஊறவச்ச தண்ணியக் கொட்டிட்டு புதுத் தண்ணில வேகவைங்க, பூண்டு இஞ்சி கூட கொஞ்சம் தாராளமா போடுங்க.

பொங்கல் வைக்கற தண்ணி

இத எங்கயும் யாரும் எழுதறதில்ல, ஆனா நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் இது முக்கியம். நம்ம பக்கம் நிறைய ஊர்ல போர் தண்ணில ஃபுளோரைடு ஜாஸ்தி. பல்லுல பழுப்புக் கறை, வயசானவங்களுக்கு மூட்டு எலும்பு வலின்னு பாத்துருப்பீங்க. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதுக்காகத்தான் வந்தது, 2013-ல தொடங்கி வச்சாங்க, திட்டத்து பேர்லயே ஃபுளோரோசிஸ் பாதிப்பக் குறைக்கறதும் சேர்ந்துதான் இருக்கு. குடிக்கற தண்ணில லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல ஃபுளோரைடு இருக்கக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

நெறைய பேரு குடிக்க மட்டும் ஒகேனக்கல் தண்ணி, சமைக்க போர் தண்ணின்னு வச்சிருக்காங்க. காய்ச்சுனா சரியாயிடும்னு ஒரு நெனப்பு. காய்ச்சுனா கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது, தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாத்தான் ஆகும். பொங்கல், களி, குழம்பு, ரசம் எல்லாமே தண்ணிய இழுத்துக்கற சமையல். அதனால பண்டிகைக்கு முன்னாடி நாளே ரெண்டு குடம் ஒகேனக்கல் தண்ணி புடிச்சு தனியா வச்சுக்கோங்க, பொங்கப் பானைக்கும் களிக்கும் அதையே ஊத்துங்க. பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்க போர் தண்ணி போதும்.

சர்க்கரைப் பொங்கல், கணக்கோட

முதல்ல ஒரு பொய்ய ஒழிச்சிடலாம். வெல்லம் போட்டா சுகர் ஏறாது, நாட்டுச்சர்க்கரை உடம்புக்கு நல்லதுன்னு ஒரு பேச்சு ஓடிட்டே இருக்கு. 100 கிராம் வெள்ளைச் சர்க்கரைல சுமார் 400 கலோரி, வெல்லத்துல சுமார் 380. அவ்ளோதான் வித்தியாசம். வெல்லத்துல கொஞ்சம் இரும்புச்சத்து அது இதுன்னு இருக்கு, ஆனா அதுக்காக சாப்பிடற அளவுக்கு இல்ல. ருசிக்கும் வாசத்துக்கும் வெல்லம் போடுங்க, ரொம்ப வெள்ளையா மஞ்சளா பளபளன்னு இருக்கறதத் தவிர்த்துட்டு கருத்த வெல்லமா பாத்து வாங்குங்க, ஆனா சுகர்காரங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

இப்ப அளவு. நம்ம வீடுகள்ல பச்சரிசி ஒரு பங்குக்கு வெல்லம் ரெண்டு பங்கு போடுவாங்க. 200 கிராம் அரிசி போட்டா 400 கிராம் வெல்லம், எட்டு பேரு சாப்பிட்டா ஆளுக்கு 50 கிராம். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடற பெரியவங்களுக்கு வெளிய இருந்து சேக்கற சர்க்கரை 50 கிராமுக்குள்ள இருக்கணும், 25 கிராமுக்குள்ள வந்தா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதாவது காலைல ஒரு கிண்ணம் பொங்கல்லயே அன்னைக்குக் கோட்டா முடிஞ்சுது, காபி கச்சாயம் எல்லாம் அதுக்கு மேல கடன்தான்.

அதனால ஒண்ணுக்கு ஒண்ணு போடுங்க. பச்சரிசி ஒரு டம்ளர், அதாவது 200 கிராம்னா, வெல்லமும் 200 கிராம். பாசிப்பருப்ப வழக்கமா கால் டம்ளர் போடறவங்க அரை டம்ளரா ஏத்திக்கோங்க, லேசா வறுத்துப் போட்டா வாசமும் தூக்கும், புரதமும் கூடும். இனிப்பு குறைஞ்ச மாதிரி தெரியக்கூடாதுன்னா ஏலக்காயும் சுக்குப் பொடியும் கொஞ்சம் கூட போட்டு, கடுகளவு பச்சைக் கற்பூரம் சேத்து, ஒரு சிட்டிகை உப்பு போடுங்க. உப்பு போட்டா இனிப்பு எடுப்பா தெரியும், செஞ்சு பாருங்க. நெய்ய பானைக்குள்ள கரண்டி கரண்டியா ஊத்திக் கிளறாதீங்க, உள்ள போன நெய் எங்க போச்சுன்னே நாக்குக்குத் தெரியாது. முந்திரியும் திராட்சையும் மூணு ஸ்பூன் நெய்ல வறுத்து பரிமாறப் போற நேரத்துல மேல கொட்டுங்க, முதல் வாய்லயே நெய் வாசம் தெரியும். ஒரு டீஸ்பூன் நெய் 45 கலோரி, ஞாபகம் இருக்கட்டும்.

வெண்பொங்கல அரிசிக்கு பதிலா சாமைல செய்யலாம், நம்ம சித்தேரி மலைப் பக்கமெல்லாம் விளையறதுதான். சாமை ஒரு டம்ளர், பாசிப்பருப்பு அரை டம்ளர், தண்ணி நாலு டம்ளர், மிளகு சீரகம் இஞ்சி தாராளமா. ரொம்பத் தீட்டி வெள்ளையா பாக்கெட்ல வர்ற சாமைய வாங்காதீங்க, தவிடு போயிட்டா அதுல என்ன இருக்கு. சாமைன்னு சொல்லி ரெண்டு தட்டு சாப்பிட்டா அதுவும் சோறுதான், அதையும் சொல்லிடறேன்.

சாப்பிடற வரிசையும் முக்கியம். இலைல இனிப்பத்தான் முதல்ல வைப்போம், வைக்கட்டும், சாமிக்கு வச்சத ஒரு விரல் எடுத்து நாக்குல வச்சுக்கோங்க, மீதிய அப்படியே விட்டுட்டு காயும் பருப்பும் முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் சோறு, கடைசியா அந்த இனிப்பு. காயும் புரதமும் முதல்ல போயி மாவுச்சத்து பின்னாடி போனா சாப்பாட்டுக்கு அப்புறம் சுகர் குபீர்னு ஏறாது. வெறும் வயித்துல பொங்கல், அது முடிஞ்சு ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணுமில்ல, அப்புறம் வடைன்னு சாப்பிடறதுதான் இருக்கறதுலயே மோசமான வரிசை.

கரும்பு பத்தி ரெண்டே வார்த்தை. கடிச்சு மெல்லுங்க, ரெண்டு கணு போதும், ஜூஸா போட்டுக் குடிக்காதீங்க. ரேஷன்ல முழுக் கரும்பு குடுத்துட்டாங்கன்னு ஒரே ஆளு உக்காந்து முடிக்கணும்னு ஒண்ணும் இல்ல.

எண்ணெய்ச் சட்டி

ஒப்பட்டு, கச்சாயம், நிப்பட்டு (தட்டை), முறுக்கு, வடை. இதுல எல்லாத்தையும் எல்லா நாளும் சாப்பிடாம ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு வச்சுக்கோங்க. எனக்கு ஒப்பட்டு உசுரு, அதனால போகி அன்னைக்கு வேற இனிப்பு கிட்டயே போக மாட்டேன். கடைல கிடைக்கற முறுக்க எல்லா மாசமும் சாப்பிடலாம், அதுக்குப் போயி பண்டிகை நாள்ல வயித்துல எடம் குடுக்கறது வேஸ்ட். உங்களுக்கு நெசமா புடிச்சது எது, சும்மா தட்டுல இருக்குதேன்னு எடுத்து வாய்ல போடறது எதுன்னு யோசிச்சாலே பாதி ஐட்டம் கழிஞ்சிடும்.

செய்யறவங்களுக்கு, ஒப்பட்டுக்கு மைதாவ விட்டுட்டு கோதுமை மாவு, பூரணத்துல கடலைப்பருப்பு கூட, வெல்லம் கம்மி, கல்லுல போடும்போது நெய் ஓரத்துல மட்டும். வடைக்கு எண்ணெய் நல்லா காஞ்சதுக்கு அப்புறம் போடுங்க, காயாத எண்ணெய்ல போட்டா வடை எண்ணெயக் குடிச்சுட்டு கனக்கும். மீந்த எண்ணெய வடிகட்டி ஒரு தடவை தாளிக்க வச்சுக்கலாம், திரும்பத் திரும்ப அதுலயே பொரிக்கக்கூடாது, கருத்து நுரை கட்டுனா அப்பவே கொட்டிடுங்க.

ஊறுகா அப்பளத்துக்கு பதிலா ஒரு யோசனை, இந்த சீசன்ல பெரிய நெல்லி நல்லா கிடைக்குது. அதியமான் ஔவைக்கு குடுத்த கனி, நம்ம தகடூர் (தருமபுரியோட பழைய பேரு) மண்ணுக்காரங்க பண்டிகை இலைல அது இல்லாம இருக்கலாமா. நாலு நெல்லிக்கா, பச்ச மிளகாய் ஒண்ணு, கொஞ்சம் தேங்கா வச்சு அரைச்சு தயிர்ல கலந்தா பச்சடி ரெடி. ஊறுகால இருக்கற உப்புல கால்வாசி கூட இதுல இருக்காது. பிபி உள்ளவங்களுக்கு நாள் முழுக்க மொத்த உப்பே ஒரு டீஸ்பூனுக்குள்ள, அதாவது 5 கிராமுக்குள்ள இருக்கணும், அப்பளம் ஊறுகா கருவாடு மூணும் ஒரே நாள்ல வந்தா அந்தக் கணக்கு காலி.

கரிநாள்

எருது விடற ஊர்ல இருக்கறவங்களுக்கு கேக்கவே வேணாம், சொந்தக்காரங்க கூட்டம், பெரிய அண்டால கறி, இன்னொரு பக்கம் களி கிண்டற சத்தம். கேவுரு (கேழ்வரகு) களியும் நாட்டுக்கோழி சாறும்னா எனக்கும் கை நிக்காது.

கேவுரு நல்லதுதான், 100 கிராம்ல 350 மில்லிகிராமுக்குக் கிட்ட சுண்ணாம்புச்சத்து இருக்கு, அரிசில ரொம்பக் கம்மி. ஆனா சுகர்காரங்க கேவுருக்கு கணக்கே இல்லன்னு நெனச்சுக்கிட்டு மூணு உருண்டை முழுங்கறாங்க. அதுலயும் மாவுச்சத்து 100 கிராமுக்கு 70 கிராம் பக்கத்துல இருக்கு, அதுவும் நைசா அரைச்ச மாவுல கிண்டுன களி மெல்லாமயே தொண்டைல எறங்கிடும், வேகமா செரிச்சு சுகரும் வேகமா ஏறும். ஆரஞ்சு சைஸ்ல ஒரு உருண்டை எடுங்க, கூட கீரைக் கடைசலோ கொள்ளுக் கடைசலோ ஒரு கிண்ணம் வச்சுக்கோங்க. மாவ மில்லுல குடுக்கும்போது கொஞ்சம் கொரகொரன்னு அரைக்கச் சொல்லுங்க.

கோழிய தோல் உரிச்சு வாங்குங்க, மஞ்சள் தடவி நெருப்புல வாட்டுன தோல்லதான் ருசின்னு மாமனாரு சண்டைக்கு வருவாரு, அவருக்கு மட்டும் ஒரு துண்டு தோலோட வச்சிடுங்க, பிரச்சன முடிஞ்சுது. மட்டன்ல கொழுப்பத் தனியா எடுத்துடச் சொல்லுங்க. சாறு மேல மிதக்கற எண்ணெய ஒரு கரண்டில ஒதுக்கிட்டு நடுவுல இருந்து மொண்டு ஊத்துங்க. ஈரல், குடல், தலைக்கறி ஆளுக்கு ரெண்டு துண்டோட நிறுத்திக்கலாம், யூரிக் ஆசிட் ஏறி கால் வீங்கறவங்க தொடவே வேணாம். ஒகேனக்கல் போறவங்க மீன் வறுவல் ரெண்டு துண்டுன்னா மீன் குழம்பு ஒரு கிண்ணம்னு மாத்திக்கோங்க, அங்க பொரிக்கற எண்ணெய் காலைல இருந்து கொதிச்சுட்டே இருக்கும்.

சாப்பிட்ட உடனே பாய விரிக்காதீங்க. பத்து பதினஞ்சு நிமிஷம் தெருவுல ஒரு நடை, இல்ல எருது பாக்க நடந்து போங்க, பைக்க எடுக்காதீங்க. சாப்பிட்ட கையோட நடக்கறதுக்கு சுகர்ல உடனே பலன் தெரியும், மெஷின் வச்சிருக்கறவங்க ரெண்டு மணி நேரம் கழிச்சு குத்திப் பாத்தா தெரிஞ்சுக்கலாம், 180-க்குள்ள இருந்தா பொதுவா பரவாயில்லன்னு எடுத்துக்கறாங்க.

மாத்திரை, இன்சுலின் போடறவங்க

இத மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. மத்தியானம் நல்லா சாப்பிடப் போறோமேன்னு காலைல பட்டினி கெடக்கறது, பண்டிகை தானேன்னு மாத்திரைய விடறது, நெறைய சாப்பிட்டோமேன்னு ஒரு மாத்திரை கூட போடறது, மூணும் தப்பு. இன்சுலினோ, கிளிமிபிரைடு மாதிரி சுகரக் குறைக்கற மாத்திரையோ போட்டுட்டு சாப்பாடு லேட்டானா சுகர் 70-க்குக் கீழ போயி வேர்த்து நடுங்கி மயக்கமே வந்துடும். பொங்கல் பொங்கி, சாமி கும்பிட்டு, எல்லாரும் வந்து உக்கார மணி பதினொண்ணு ஆகும்னா, வயசானவங்களுக்கு எட்டு மணிக்கே ரெண்டு இட்லியக் குடுத்துடுங்க, சாமி ஒண்ணும் கோச்சுக்காது. கரிநாள்ல தண்ணி போடற பழக்கம் உள்ளவங்க வெறும் வயித்துல குடிச்சாலும் இதே சிக்கல்தான், பக்கத்துல இருக்கறவங்க போதைன்னு நெனச்சு விட்டுடுவாங்க. கிட்னி பிரச்சன உள்ளவங்களுக்கு மேல சொன்ன பருப்பு, காய், கீரை அளவெல்லாம் பொருந்தாது, டாக்டர் குடுத்த அளவு எதுவோ அதுதான்.

அத்தை வீட்ல எப்படி தப்பிக்கறது

நம்ம ஊர்ல வேணாம்னு சொன்னா வேணும்னு அர்த்தம். "வயித்துல எடமில்ல அத்த"ன்னு சொன்னா "ஒரு வாய்க்கு எடம் இருக்காதா"ன்னு கரண்டி வந்துடும். சுகர்னு சொன்னா "ஒரு நாள்ல என்னா ஆயிடும், நான் சாப்பிடல?"ம்பாங்க. எனக்கு வேலை செஞ்ச வழி ஒண்ணுதான், அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நாமளே ஒண்ணக் கேட்டு வாங்கிடறது. "அத்த, உங்க பூசணிக்கா கூட்டு இன்னொரு கரண்டி வைங்களேன்"னு கேட்டுப் பாருங்க, அவங்களுக்கு உபசரிச்ச திருப்தி, நமக்கு காய் உள்ள போச்சு. கச்சாயத்துக்கு "வீட்டுக்குக் கட்டிக் குடுங்க அத்த, அவருக்கு ரொம்பப் புடிக்கும்". காபிக்கு பதிலா மோர் கேளுங்க. சின்னக் கிண்ணம் வந்தா நல்லது, பெரிய தட்டு வந்தா உக்காந்த உடனே பாதிய பக்கத்துல இருக்கற சின்னப் பசங்க தட்டுல மாத்திடுங்க, நீங்க சாப்பிட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் எச்சில்னு மாத்த முடியாது.

ஒரே நாள்ல மூணு வீடு போகணும்னா ஒரு வீட்ல மட்டும் இலை போட்டு சாப்பிடுங்க, எந்த வீடுன்னு முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிடுங்க, மத்த ரெண்டு வீட்ல மோர், பழம், வெத்தலையோட முடிச்சுக்கலாம்.

அமெரிக்கால இருக்கறவங்களுக்கும் இதே கதைதான்

என் நாத்தனார் அங்க இருக்கா, நவம்பர்ல நாலாவது வியாழக்கிழமை வந்தா அவளுக்கு டேங்க்ஸ்கிவிங். அறுவடை முடிஞ்சு நன்றி சொல்ற பண்டிகைதான் அதுவும், 1941-ல சட்டம் போட்டு அந்த வியாழக்கிழமைய நிரந்தரமாக்கிட்டாங்க. முழு வான்கோழிய அடுப்புல சுட்டு வைப்பாங்க, கூட ரொட்டித் துண்டுல செஞ்ச ஸ்டஃபிங், வெண்ணெய் போட்டு மசிச்ச உருளைக்கிழங்கு, கிரேவி, கிரான்பெர்ரி சாஸ், சர்க்கரைவள்ளிக் கிழங்கு மேல மார்ஷ்மெல்லோ போட்டு சுட்டது, கடைசில பூசணி பை. ஆபீஸ்ல கூட வேலை செய்யறவங்க வீட்டுக்குக் கூப்பிடுவாங்க, "அண்ணி, எத சாப்பிடறது"ன்னு வருஷா வருஷம் போன்ல கேப்பா.

பாத்தா நம்ம தட்டேதான். வான்கோழி நெஞ்சுக்கறி, தோல எடுத்துட்டா கொழுப்பு ரொம்பக் கம்மி, நல்லா சாப்பிடலாம். பச்ச பீன்ஸ், சாலட், வறுத்த காய் தட்டுல பாதி. உருளை, ஸ்டஃபிங், சர்க்கரைவள்ளி மூணும் அவங்க ஊரு சோறு, மூணுலயும் ஒவ்வொரு ஸ்பூன் ருசி பாக்கலாம், இல்லன்னா ஒண்ண மட்டும் நல்லா சாப்பிடலாம். கிரான்பெர்ரி சாஸ் பழம் மாதிரி தெரியும், டப்பால வர்றதுல சர்க்கரைதான் ஜாஸ்தி. பூசணி பைல பூசணி பாவம் ஒண்ணும் பண்ணல, சுத்தி இருக்கற வெண்ணெய் மாவு ஓடுதான் கனம், உள்ள இருக்கறத சாப்பிட்டு ஓட்ட தட்டுலயே விட்டுட்டு எழுந்திரின்னு சொன்னேன். அவ அங்க பீன்ஸ் பொரியல் ஒரு டப்பால எடுத்துட்டுப் போறா, வெள்ளைக்காரங்க அதத்தான் முதல்ல காலி பண்றாங்களாம்.

மீந்தது

பொங்கலும் சோறும் சமைச்சு ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளியவே கெடந்தா வயித்துக்கு ஆகாது, பண்டிகைக்கு மறுநாள் வீட்டுக்கு ரெண்டு பேரு வயித்தப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறது பாதி இதனாலதான். பெரிய பானையோட ஃபிரிட்ஜ்ல தள்ளாதீங்க, உள்ள ஆறவே ஆறாது, சின்ன சின்ன டப்பால பரப்பி வைங்க, எடுக்கறப்ப ஆவி பறக்க சூடு பண்ணுங்க, ஒரு தடவைக்கு மேல சூடு பண்ணாதீங்க. பிதுக்கம்பருப்பு மறுநாள் ராகி தோசைக்கு இன்னும் ருசியா இருக்கும். சர்க்கரைப் பொங்கல் மீந்தா அக்கம்பக்கத்துல குடுத்துடுங்க, உள்ள இருந்தா நடு ராத்திரி கை தானா போகும்.

மீந்துச்சேன்னு அத்தனையும் கொண்டு போயி மாட்டுக்கு மட்டும் வைக்காதீங்க. மாட்டுப் பொங்கல் அன்னைக்கு ஒவ்வொருத்தரா வந்து ஊட்டி, அரிசியும் வெல்லமும் அளவுக்கு மீறிப் போனா மாட்டுக்கு வயித்துல அமிலம் கூடி, அசை போடறத நிறுத்திடும், வயிறு உப்பும், சில சமயம் உசுருக்கே ஆபத்து. ஒரு வாழை இலைல ஒரு கைப்பிடி வச்சு கும்பிட்டுட்டு பசும்புல்லும் வைக்கோலும் போடுங்க, பசங்கள மாத்தி மாத்தி ஊட்ட விடாதீங்க. அப்படியும் மாடு அசை போடாம சோந்து நின்னா கை வைத்தியம் பாத்துட்டு இருக்காம 1962-க்கு போன் பண்ணுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.